மலையைச் சுற்றி ஓடுங்கள், மலை மேல் வேண்டாம்: மதுரை ஓட்டக் குழுக்களுக்கு அரிட்டாபட்டியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதுரை ஓட்டக் குழுக்களைச் சேர்ந்த அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் திருச்சி நான்குவழிச் சாலையில் வந்து, மேலூர் வருவதற்கு முன்பே பிரிந்து, எங்கள் அரிட்டாபட்டிப் பக்கம் ஓடிவிட்டுப் போகிறவர்கள் உங்களில் பலர். ஊருக்கும் உங்களைப் பழகிவிட்டது. முதலில் விரட்டி விரட்டிக் குரைத்த நாய்கள்கூட இப்போது படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்குகின்றன. டீக்கடையில் உங்களுக்காகவே சீனி போடாத டீ தனியாக ஆற்றுகிறார்கள். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் வருகிற தை மாதம் சில நூறு பேரைக் கூட்டி, கழிஞ்சமலை மேல் ஏறி இறங்குகிற மாதிரி ஒரு பெரிய ஓட்டம் நடத்தலாம் என்று உங்களுக்குள் பேச்சு நடப்பதாகக் காதில் விழுந்தது. டி-ஷர்ட்டுக்குப் படம்கூட வரைந்தாகிவிட்டதாம். அதனால்தான் இந்த மடல்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையைச் சுற்றி எவ்வளவு வேண்டுமானாலும் ஓடுங்கள். மலை மேல் வேண்டாம். அதுவும் தை மாதத்தில் வேண்டவே வேண்டாம். ஏன் என்பதையும், வேறு எங்கே எப்போது ஓடலாம் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், லாங் ரன் போகிறவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

ஓட்டம் எங்களுக்கும் புதிதல்ல. மேலூர் வட்டாரத்தில் எந்த ஊர்க் கண்மாய்க் கரைக்குப் போனாலும் விடியக்காலம் நாலு பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். எல்லாம் போலீஸ் செலக்‌ஷனுக்கு. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். கையில் கார்மின் வாட்ச் கிடையாது. ஒருவன் போனில் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு மடைமேல் உட்கார்ந்திருப்பான். மடையிலிருந்து, கண்மாயின் உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்குவரை போய்த் திரும்பினால் எவ்வளவு என்று பைக் மீட்டரை வைத்து ஒருமுறை அளந்ததுதான் கணக்கு, அதே கணக்கில் அடுத்தடுத்த செட்டும் ஓடுகிறது. நானும் அந்தக் கரையில் ஓடியவன்தான். வேலை வேறாகிவிட்டது, ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. ஆகவே இதை ஓட்டத்தைப் பற்றித் தெரியாத ஒருவன் போடும் தடை என்று நினைத்துவிட வேண்டாம்.

சரி, எங்கே ஓடலாம் என்பதற்கு வருகிறேன்.

முதல் இடம் ஆனைகொண்டான் கண்மாய்க் கரை. 16-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் கட்டியது என்று அரசுக் குறிப்பு சொல்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நேர் எதிரே பாறை மலை. மண் கரை என்பதால் முழங்காலுக்கு இதம். ரேஸ்கோர்ஸ் மைதானத்துச் சிந்தெடிக் தடம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் இங்கே கால் வைக்கும்போது கிடைக்கிற சுகம் வேறு. காலையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்தபடி உட்கார்ந்திருக்கும்.

ஆனால் கரைக்கென்று சில நடைமுறைகள் இருக்கின்றன. சீமைக்கருவேல் வெட்டிப் போட்ட இடத்தைப் பார்த்தால் உடனே நடையாக மாறிவிடுங்கள். அந்த முள் காய்ந்து மண்ணில் நட்டுக்கொண்டு நிற்கும். பத்தாயிரம் ரூபாய் ஷூவின் நுரை அடிப்பாகம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, நேராகக் குதிகாலில்தான் போய் நிற்கும். ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் இரண்டு நாளில் சீழ் கோத்துவிடும். எங்கள் பையன்கள் கால்சட்டை மடிப்பில் ஒரு ஊக்கு குத்தி வைத்திருப்பது அதற்காகத்தான். அப்புறம், கலுங்கு பாயும் காலத்தில் அதைத் தாண்டப் பார்க்காதீர்கள். கணுக்கால் தண்ணீர்தானே என்று தோன்றும், பாசி படிந்த கல்லில் ஒரு அடி வைத்தால்தான் தெரியும்.

இன்னொன்றைக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். காலை நேரத்தில் படித்துறையில் பெண்கள் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள். நீங்கள் ஓடிப் போவதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அந்த இடத்தில் நின்று செல்ஃபி எடுப்பதும், வீடியோ போட்டுக்கொண்டே ஓடுவதும், போன மாதம் யாரோ செய்த மாதிரி ட்ரோன் பறக்க விடுவதும் நன்றாக இல்லை. ட்ரோன் சத்தம் கேட்டு மாராப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஈரத்துணியோடு வீட்டுக்கு ஓடிவந்த ஒரு பெரியம்மா உங்களை வைத வசவை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது, கழிஞ்சமலையின் அடிவாரத்தைச் சுற்றிப் போகும் வண்டிப்பாதை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. செம்மண், இடையிடையே பாறை, கொஞ்சம் புதர். பத்து நிமிடம் ஒரே தாளத்தில் ஓட முடியாது, பாதை விடாது. கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பேஸ் பார்க்கிறவர்கள் இங்கே வந்தால் வெறுத்துப்போவார்கள். வேகத்தை மறந்துவிட்டு ஓடுகிறவர்களுக்கான தடம் இது.

இந்த மலையின் ஒரு பக்கம் பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயில், முற்காலப் பாண்டியர் காலத்தது, 1,200 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அங்கே, சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் லகுலீசரின் சிற்பம் இருக்கிறது. கையில் தடியோடு உட்கார்ந்திருக்கும் இந்த உருவம் தமிழ்நாட்டில் மிக அபூர்வம். மறுபக்கம் சமணர் குகைத்தளம். அதன் நெற்றியில் தமிழ்ப் பிராமி எழுத்து. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இந்தக் குகையைச் செய்து கொடுத்தார் என்கிறது ஒரு கல்வெட்டு, இலஞ்சியைச் சேர்ந்த ஒருவரின் பெயரைச் சொல்கிறது இன்னொன்று. இரண்டுமே ஏறக்குறைய 2,200 ஆண்டுப் பழமை கொண்டவை. அங்கிருந்து இங்கே அந்தக் காலத்தில் எந்தச் சாலையில் வந்தார்களோ தெரியவில்லை. நாலுவழிச் சாலையில் காரில் வருகிற உங்களுக்கு முன்னாலேயே வெளியூர் ஆட்கள் இங்கே வந்து, கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள், எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

அதே இடத்தில் ஒரு தீர்த்தங்கரர் சிற்பமும் அதன் கீழே வட்டெழுத்தும் உண்டு. அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி என்று இருக்கிறது. இந்த மலைக்கு அப்போது திருப்பிணையன் மலை என்று பேர். மூச்சு வாங்க நிற்பதற்கு இதைவிட நல்ல இடம் வேறு இல்லை, நிழலும் உண்டு, காற்றும் உண்டு. ஆனால் தயவுசெய்து எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்காதீர்கள். போட்டோவில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று யாரோ வெள்ளையடித்த மாதிரி தேய்த்துவிட்டுப் போகிறார்கள். காலைச் சாய்வெயில் விழும் நேரத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் எழுத்து தானாகவே தெரியும். குடைவரைக்குள் போகும்போது ஷூவைக் கழற்றிவிட்டுப் போங்கள். அங்கே பூசை நடக்கிறது, அது வெறும் மியூசியம் இல்லை.

தூரம் போக ஆசைப்படுகிறவர்களுக்கு மூன்றாவது தடம், ஊர்ச் சாலைகள் வழியாக மீனாட்சிபுரம் பக்கம். அங்கேயும் மலை, அங்கேயும் சமணர் படுக்கைகள். மாங்குளம் கல்வெட்டு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்களே, நெடுஞ்செழியன் பேர் வருமே, அது இந்த மலையில்தான் இருக்கிறது. 1882-ல் ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டெடுத்தது. கிடாரிப்பட்டி வழியாக அழகர்கோயில் பக்கமும் போகலாம். கிடாரிப்பட்டி மலைக் குகையில் மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், ஏர்க்கொழு விற்கும் கொழு வணிகர் என்று ஆட்களின் தொழில் சொல்லிப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். அழகர்கோயிலிலிருந்து மதுரைக்கு அழகர் வருடா வருடம் சித்திரையில் போய்த் திரும்பும் தூரம் ஒரு வழிக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். அரை மாரத்தான் ஓடியதற்கு மெடல் வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் இதையும் ஒருதரம் நினைத்துப்பாருங்கள், அவர் வழியெல்லாம் மண்டகப்படியில் நின்று நின்று போகிறார் என்பது வேறு விஷயம்.

இந்தச் சாலைகளில் ஒரே சங்கடம் அறுவடைக் காலம். களம் போதாமல் தார்ச்சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போடுவார்கள். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், அது உங்களைத் தடுக்க வைத்ததல்ல, வண்டியை ஒதுங்கிப் போகச் சொல்ல வைத்தது. அந்த நெல் மேல் ஓடாதீர்கள். ஷூ அடியில் ஒட்டிக்கொண்டு போவது பத்து நெல்தான், ஆனால் காலடியில் நசுங்கி அரிசி உடைந்தால் ஏவாரி விலையைக் குறைப்பார். காலால் நெல்லை மிதிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற மனசும் இங்கே யாருக்கும் கிடையாது.

இப்போது மலைக்கு வருகிறேன்.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193.42 ஹெக்டேரைத்தான். சுமார் 250 பறவை இனங்கள், எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன. அதில் முக்கியமானவை மூன்று வேட்டைப் பறவைகள்: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு. இவை பாறை விளிம்பிலும் பொந்திலும் முட்டையிடுகிறவை. எங்கள் மலை செங்குத்தான பாறை என்பதால்தான் இங்கே இருக்கின்றன.

கீழே வயலில் டிராக்டர் ஓடினாலும், ஆடு மேய்க்கிறவர் சத்தம் போட்டாலும் அவை பெரிதாகக் கண்டுகொள்ளாது. தலைமுறை தலைமுறையாகப் பார்த்த சங்கதி. ஆனால் கூட்டுக்கு மேலே ஆள் நடமாட்டம் தெரிந்தால் தாய் எழுந்து போய்விடும். மேலேயிருந்து வருவதெல்லாம் ஆபத்து என்று அதன் புத்தியில் இருக்கிறது. திரும்பி வர அரை மணி ஆகலாம், மேலே ஆள் போய்க்கொண்டே இருந்தால் அதற்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்தில் முட்டை குளிர்ந்துபோகும், இல்லையென்றால் பாறையில் ஏறும் வெயிலில் வெந்துபோகும். காக்கை சும்மா இருக்குமா? ஐந்து பேர் ஏறி இறங்கினால் ஒரு விதம். முன்னூறு பேர் வரிசையாக, ஒலிபெருக்கியில் பாட்டோடு, இரண்டு மணி நேரம் ஏறினால்?

அந்தப் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் மார்கழியில் தொடங்கிப் பங்குனிவரை. மதுரையில் ஓடுவதற்குச் சுகமான காலமும் அதேதான். வெயில் தாழ்ந்து, பனி விழுந்து, காலை எட்டு மணிவரை வியர்க்காத மாதங்கள். உங்கள் பெரிய ஓட்டங்கள் எல்லாம் அதில் வந்து விழுவதற்குக் காரணம் எனக்கும் தெரியும். இதில் யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் இரண்டில் ஒன்று இடம் கொடுக்க வேண்டும், பறவையிடம் தேதியைத் தள்ளிப்போடச் சொல்ல முடியாது. உங்களுக்கு மதுரையைச் சுற்றி வேறு தடங்கள் நிறைய இருக்கின்றன, அதற்கு இந்தப் பாறையை விட்டால் பக்கத்தில் வேறு வசதி குறைவு.

மலை உச்சிப் பாறைகளில் சுனைகள் இருக்கின்றன. ஆடுமாடும் காட்டு உயிரும் குடிக்கிற தண்ணீர் அது. அதில் முகம் கழுவிக்கொள்வது, கால் நனைப்பது எல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும். ஒரு ஆளுக்குச் சின்ன விஷயம்தான்.

‘ஏறாதே என்று சொல்ல நீ யார்’ என்று ஒரு நண்பர் நேரிலேயே கேட்டார். நல்ல கேள்வி. 2024 நவம்பரில் எங்கள் வட்டாரத்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது தெரிந்தபோது ஊர் ஊராகக் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டோம். டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம்வரை சனம் நடந்தே வந்தது. உங்களில் பலர் அன்று ரோட்டோரம் நின்று பார்த்திருப்பீர்கள். அந்த மாதம் 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலையில் கை வைக்காதே என்று அவ்வளவு பேர் தொண்டை கிழியக் கத்திய பிறகு, பொழுதுபோக்குக்காக ஏறினால் பரவாயில்லை என்று எந்த வாயால் சொல்வது? சுரங்கமும் ஓட்டப்பந்தயமும் ஒன்றா என்பீர்கள். ஒன்றில்லைதான். ஆனால் ஒரு ஓட்டம் நல்லபடியாக நடந்தால் அடுத்த வருடம் நாலு பேர் நாலு ஓட்டம் வைப்பார்கள். அப்புறம் பாதை சரியில்லை என்று சிமென்டு போடுவார்கள், கைப்பிடிக் கம்பி நடுவார்கள், உச்சியில் செல்ஃபி பாயின்ட் வரும். இந்த வரிசையை வேறு ஊர்களில் பார்த்தாயிற்று.

சட்டப்படியும் ஒரு வழி இருக்கிறது. 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் ஊராட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதனிடம் கேட்காமல் டி-ஷர்ட் அச்சடிப்பது முறையில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். தேதியை ஆவணி, புரட்டாசிக்கு மாற்றுங்கள். குஞ்சுகள் பறந்து போயிருக்கும், அறுவடையும் இருக்காது, ஆடிக்காற்றும் அடங்கியிருக்கும். கொஞ்சம் புழுங்கும், ஒத்துக்கொள்கிறேன். விடியும்போதே ஆரம்பித்தால் ஏழரைக்குள் எல்லோரும் முடித்துவிடலாம். மழை வந்தாலும் அந்த மாதங்களில் பெரும்பாலும் சாயங்காலம்தான். ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளிவிடாதீர்கள், கரை மண் களியாகி ஷூவோடு ஒட்டிக்கொண்டு வரும், விழுந்து எழுந்திருக்கவே நேரம் சரியாகிவிடும். எண்ணிக்கையை நூறோடு நிறுத்துங்கள். கண்மாய்க் கரையும் அடிவாரப் பாதையும் சேர்த்து வளையமாக வைத்தால் பத்து கிலோமீட்டர் தாராளமாக வரும், வேண்டியவர்கள் இரண்டு சுற்று ஓடட்டும். மைக்செட் வேண்டாம். கார்களை களத்தில் நிறுத்தாதீர்கள், இடம் நாங்கள் காட்டுகிறோம். ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டின் உறையை ஒவ்வொருவரும் தன் பையிலேயே போட்டுக்கொண்டு போக வேண்டும், அதன் ஓரத்தில் இனிப்பு ஒட்டியிருப்பதால் ஆடு தின்றுவிடுகிறது.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியில் யாரோ கழிஞ்சமலை ஏற்றத்தை ஒரு செக்மென்டாக, அதாவது நேரம் கணக்கிடும் ஒரு தடத்துண்டாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். யார் சீக்கிரம் ஏறுவது என்று அதில் பட்டியல் வேறு. நம் பெயர் அதில் முதலில் வர வேண்டும் என்று நினைப்பவன்தான் பனியில் வழுக்கும் பாறையில் ஓடுவான். அந்தச் செக்மென்டை ஆபத்தானது என்று குறித்துவிட்டால் போட்டிப் பட்டியல் மறைந்துவிடும். உங்கள் குழுக்களில் யாராவது ஒருவர் ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும். கரை ஓட்டத்துக்கு ஒரு செக்மென்ட் போடுங்கள், மடையிலிருந்து கலுங்குவரை. எங்கள் பையன்களும் பேர் பதிந்துகொள்வார்கள். உங்கள் பட்டியல் அதற்கப்புறம் எப்படி இருக்கும் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

வருகிற ஆகஸ்ட் 15 அன்று ஊரில் கிராம சபை நடக்கும். உங்களில் இரண்டு மூன்று பேர் வந்து, தடத்தைக் காகிதத்தில் வரைந்து எடுத்துவந்து, சபையில் வைத்துப் பேசுங்கள். தார்ச்சாலையை எங்கே குறுக்கே தாண்டுகிறீர்கள், தண்ணீர் எங்கே வைக்கிறீர்கள், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும். முடிந்தால் முதல் நாளே வந்துவிடுங்கள், அன்று சாயங்காலம் பையன்கள் கூட வந்து முழுத் தடத்தையும் ஓடிக் காட்டுவார்கள். டார்ச் எடுத்து வாருங்கள், அடிவாரப் பாதையில் விளக்கு கிடையாது.

இப்படிக்கு,
கண்மாய்க் கரையில் உங்களுக்கு எதிரே ஓடிவரும் ஒருவன்,
அரிட்டாபட்டி